எந்த டீமுக்கு 'நாம'ன்னு சொல்றது?

கேள்வி: வேலைக்காகப் புது ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. இங்க எல்லாரும் ஃபுட்பால் பைத்தியம். ஊர்ல ரெண்டு டீம். ஒண்ணு பெரிய டீம், அவங்க வரிசையா கப் அடிக்கறாங்க, ஆஃபீஸ்ல பாதிப் பேர் அந்தப் பக்கம்தான். இன்னொண்ணு கீழ் டிவிஷன்ல கிடக்குற சின்ன டீம், கிரவுண்டுக்கு என் ரூம்ல இருந்து நடந்தே போயிடலாம், ஆனா அவங்களை ஓனர் வேற ஊருக்கு மாத்தப் போறார்னு பேச்சு. சொந்த ஊர் டீமை விட்டா துரோகம் மாதிரியும் இருக்கு, போன சீசன் கடைசி மேட்ச்லதான் நாங்க கீழ் டிவிஷனுக்கு இறங்காம தப்பிச்சோம். நான் எதை எடுக்கறது? பேரும் ஊரும் போட வேணாம், ப்ளீஸ்.

பதில்: போடல தம்பி. முதல்ல அந்த துரோகம் மேட்டரை முடிச்சிடுவோம். பழைய டீமை யாரும் உங்ககிட்ட இருந்து புடுங்கல, அது பாட்டுக்கு இருக்கட்டும், ரெண்டும் நேருக்கு நேர் மோதுற நாள் வந்தா அன்னிக்குப் பாத்துக்கலாம்.

உங்க லெட்டர்ல ஒண்ணு கவனிச்சேன். சொந்த ஊர் டீமைச் சொல்றப்ப 'நாங்க', இந்த ஊர் டீம் ரெண்டுக்குமே 'அவங்க'. இதை ஒருத்தர் ஆராய்ச்சியே பண்ணிட்டார். ராபர்ட் சியால்டினின்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவுல 7 யுனிவர்சிட்டில, வாரக்கடைசி மேட்ச் முடிஞ்சு திங்கக்கிழமை எத்தனை ஸ்டூடண்ட்ஸ் காலேஜ் பேர் போட்ட சட்டையில வராங்கன்னு எண்ணிப் பாத்திருக்காங்க, ஜெயிச்ச வாரம்னா அந்த மாதிரி சட்டை கூடுதலா தெரிஞ்சுது. போன் போட்டு மேட்ச் பத்திக் கேட்டப்ப ஜெயிச்சிருந்தா 'நாம ஜெயிச்சோம்', தோத்திருந்தா 'அவங்க தோத்துட்டாங்க'ங்கற மாதிரி பதில்தான் அதிகம். 1976-ல வந்த ஆராய்ச்சி இது, உங்க ஆஃபீஸ்ல திங்கக்கிழமை காலைல நின்னு பாத்தா இன்னிக்கும் அதே கதைதான்னு பந்தயமே கட்டுவேன்.

அதனால பெரிய டீம் தப்புன்னு சொல்ல வரல. ஆனா கப் அடிக்குதேன்னு எடுத்தீங்கன்னா கப் நின்ன அன்னிக்கு உங்களுக்குப் பேச ஒண்ணும் இருக்காது, அதோட அந்தக் கூட்டத்துல கடைசியா வந்து சேர்ந்தவர் நீங்கதான், கிண்டல் வேற கேக்கணும். அதே சமயம் சின்ன டீமை எடுத்துட்டு, ஒரு நாள் இங்கிலாந்து கிளப் லெஸ்டர் சிட்டி மாதிரி உலகமே வாய் பொளக்க ஜெயிப்போம்னு கனவும் காணாதீங்க, 1884-ல ஆரம்பிச்ச கிளப் அது, முதல் தடவையா டாப் லீக்கை அடிச்சது 2016-ல. நடுவுல 132 வருஷம் யாரோ ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்க இல்லையா.

டீம் ஊரை விட்டுப் போயிடுமோங்கற பயம் நியாயமானதுதான். லண்டன்ல விம்பிள்டன் கிளப்புக்கு நடந்துச்சே. 1889-ல தொடங்கின கிளப், அதை மில்டன் கீன்ஸ்ங்கற வேற ஊருக்கு மாத்திக்கலாம்னு 2002 மே மாசம் அனுமதி கொடுத்துட்டாங்க. ரசிகர்கள் என்ன பண்ணாங்க தெரியுமா, சில வாரத்துல சொந்தமா ஏஎஃப்சி விம்பிள்டன்னு ஒரு கிளப் ஆரம்பிச்சு, பொது மைதானத்துல யார் வேணா வரலாம்னு ட்ரையல்ஸ் வச்சு ஆள் எடுத்து, எங்கேயோ கீழ் லீக்ல ஆடி, 9 சீசன்ல 5 ப்ரமோஷன் வாங்கி 2011-ல ஃபுட்பால் லீக்ங்கற தேசிய ப்ரொஃபஷனல் லீக்குக்கே வந்து நின்னுட்டாங்க. 2020-ல பழைய கிரவுண்டு இருந்த ப்ளவ் லேன் தெருவுக்கே புது ஸ்டேடியத்தோட திரும்பியாச்சு. ஓனர் லாரில ஏத்திட்டுப் போனது பேரும் லைசென்ஸும்தான்னு வைங்களேன்.

நானும் ஒரு காலத்துல உங்கள மாதிரி புது ஊர்ல முழிச்சவன்தான். பொழுது போகலன்னு ஒரு சின்ன டீம் மேட்சுக்குப் போனேன், பாதி ஸ்டாண்டு காலி, நல்ல தூறல். பக்கத்து சீட்ல ஒரு பெரியவர், மடியில பிளாஸ்டிக் கவரை விரிச்சுக்கிட்டு, லெஃப்ட் பேக் ஆடுன பையனை ஆரம்பத்துல இருந்தே திட்டித் தீர்க்கறார், 'காலா அது, கட்டையா'ன்னு. செகண்ட் ஹாஃப்ல பின்னாடி வரிசைல ஒருத்தன் அதே பையனை ஏதோ சொல்லிட்டான், அவ்ளோதான், பெரியவர் எழுந்து திரும்பி நின்னு, 'நீ போய் ஆடேன் பாப்போம், முழங்கால்ல அடியோட ஆடுறான் அவன்'னு ஒரு சண்டை. மறுபடி உக்காந்ததும் கார்னர்ல கோல் வாங்கிட்டாங்க. என் பக்கம் திரும்பி ரொம்ப சாதாரணமா, 'பாத்தீங்களா, போன வாரமும் நாம இதே மாதிரிதான் வாங்கினோம்'ங்கறார்.

இங்கிலீஷ்ல 'வீ'ன்னு ஒரே வார்த்தைதான், நமக்கு 'நாங்க' வேற 'நாம' வேற. அவர் 'நாங்க'ன்னு சொல்லல. போன வாரம் நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, அந்த கோல் கணக்குல என்னையும் சேர்த்துட்டார் மனுஷன்! வீட்டுக்கு வந்து துணி மாத்தறப்பதான் அது உறைச்சுது, ராத்திரியே அடுத்த மேட்ச் என்னிக்குன்னு தேடிப் பாத்தேன்.

அதனால இப்போதைக்கு ஜெர்சி எதுவும் வாங்காதீங்க. ஒரு மூணு தடவை நடந்து போய் அந்தச் சின்ன டீமைப் பாருங்க, டிக்கெட் கிடைச்சா பெரிய டீம் மேட்சுக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்க. அப்புறம் எழுதுங்க. ஸ்கோர் எனக்கு வேணாம், பக்கத்து சீட்காரர் என்ன சொன்னார்னு எழுதுங்க.