போரும் நிறமும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: போரை எதிர்ப்பது ஒரு வேலை, நிறவெறியை எதிர்ப்பது இன்னொரு வேலை. வியட்நாம் காலத்தில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் இரண்டையும் ஏன் முடிச்சுப் போட்டார்கள்?

பதில்: முடிச்சுப் போட்டது டிராஃப்ட் போர்டு, அதாவது கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுக்கும் குழு. யாரைப் போருக்கு அனுப்புவது என்பதை அந்தந்த ஊர்க் குழுவே முடிவு செய்தது. கல்லூரி மாணவனுக்கு ‘2-எஸ்’ ஒத்திவைப்பு கிடைக்கும். கல்லூரிக்குப் போக வசதியில்லாதவனுக்கு ‘1-ஏ’, அதாவது கூப்பிட்டதும் கிளம்ப வேண்டும். 1966-இல் இந்தக் குழுக்களின் உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் வெறும் 1.3 சதவீதம், மக்கள்தொகையிலோ சுமார் 11 சதவீதம். அதே ஆண்டு பாதுகாப்புச் செயலர் மக்நமாரா ராணுவத் தேர்வின் தகுதி மதிப்பெண்ணைக் குறைத்து ‘புராஜெக்ட் 100,000’ திட்டத்தைக் கொண்டுவந்தார். ஏழை இளைஞர்களைக் கைதூக்கிவிடும் திட்டம் என்று பெயர். அதில் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் கறுப்பினத்தவர்.

1966 ஜனவரி 3 அன்று அலபாமாவின் டஸ்கீகியில், கடற்படையில் பணியாற்றித் திரும்பிய சாமி யங் என்ற மாணவர், பெட்ரோல் நிலையத்தில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காகச் சுட்டுக்கொல்லப்பட்டார். மூன்றே நாளில், கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு போரை எதிர்த்து அறிக்கை விட்டது. அதை ஆதரித்ததற்காக, தேர்தலில் வென்றிருந்த அந்தக் குழுவின் ஜூலியன் பாண்டை ஜார்ஜியா சட்டமன்றம் உறுப்பினராக அமர விடவில்லை. அந்த டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம், அது தவறு என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் போரை எதிர்த்தபோது சொந்த முகாமே முகம் சுளித்ததாமே?

பதில்: ஆம். 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைடு தேவாலயத்தில் பேசினார். ஒரு வாரத்துக்குள், கறுப்பினத்தவர் உரிமைக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகக் குழு, இரு இயக்கங்களையும் ஒன்றாக்குவது தந்திர ரீதியில் பிழை என்று தீர்மானம் போட்டது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் சட்டங்களில் கையெழுத்திட்ட அதிபர் ஜான்சனைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் வறுமை ஒழிப்புக்கு ஒதுக்கவேண்டிய பணம் போருக்குப் போகிறது என்ற கிங்கின் கணக்குக்கு அவர்களிடம் பதில் இல்லை.

கேள்வி: போர் நேரத்தில் உரிமை கேட்டு வென்றவர்கள் உண்டா?

பதில்: கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ஆயுதத் தொழிற்சாலைகள் கறுப்பினத்தவருக்கு வேலை தர மறுத்ததால், 1941 ஜூலை 1 அன்று வாஷிங்டனில் ஊர்வலம் என்று தேதி குறித்தார். முதலில் 10,000 பேர் என்றவர், பிறகு ஒரு லட்சம் என்றார். ஜூன் 25 அன்றே அதிபர் ரூஸ்வெல்ட் அந்தத் தொழிற்சாலைகளில் பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802-ஆம் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார், ஊர்வலம் கைவிடப்பட்டது. தேதி, ஆள்பலம், ஒரே கோரிக்கை: மூன்றும் தெளிவாக இருந்தன. ஆனால் ஆணையை மீறுபவர்களைத் தண்டிக்கப் போதிய அதிகாரம் கண்காணிப்புக் குழுவுக்கு இல்லை, படையும் அதில் அடங்கவில்லை. படையில் பிரிவினையை நீக்கும் ஆணை 1948-இல்தான் வந்தது.

கேள்வி: மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள் வியட்நாம் போரை எதிர்த்து நடத்திய 1970 சிக்கானோ பேரணி ஏன் ரத்தத்தில் முடிந்தது?

பதில்: ஆகஸ்ட் 29, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ். குழந்தை குட்டிகளோடு 20,000-க்கும் மேற்பட்டோர் லகூனா பூங்காவில் அமைதியாகத்தான் கூடினார்கள். வெயிலில் குளிர்பானம் வாங்கப் பக்கத்து மதுக்கடையில் நெரிசல். கடையில் தகராறு என்று புகார் போனது. அதைச் சாக்காக வைத்து ஷெரிஃப் படை பூங்கா முழுவதையும் கலைத்தது. மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் ரூபன் சலசார். மதுக்கூடத்துக்குள் சுடப்பட்ட கண்ணீர்ப்புகை எறிகணை அவர்மீது பாய்ந்தது.

பழி காவல்துறையுடையதுதான். ஆனாலும் ஊர்வலம் நடத்துபவர்கள் செய்யக்கூடியது உண்டு: தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 50 பேருக்கு ஒரு தொண்டர், பூங்காவைச் சுற்றியுள்ள கடை வாசல்களிலும் ஆள். தொண்டர்களை மேடையருகே குவிப்பதுதான் வழக்கமான தவறு.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ராணுவ ஆள்சேர்ப்பவர்கள் பள்ளியில் படிக்கும் மகனைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எண் எப்படிக் கிடைத்தது?

பதில்: பள்ளியே கொடுத்திருக்கலாம். மத்திய அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளிகள், கேட்டால் மாணவர் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை ராணுவத்துக்குத் தர வேண்டும். தரக்கூடாது என்று பெற்றோர் எழுத்தில் கொடுத்தால் நிறுத்தியாக வேண்டும். கடிதத்தில் ‘ராணுவ ஆள்சேர்ப்பாளர்களுக்கு மட்டும்’ என்று குறிப்பிடுங்கள். பொதுவான தகவல் தடைப் படிவத்தை நிரப்பினால் பள்ளி ஆண்டு மலரிலும் பெயர் விடுபடலாம். பல மாவட்டங்களில் ஆண்டுதோறும் புதிதாகத் தரவேண்டும், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஓட்டை, பள்ளிகளில் நடத்தப்படும் ராணுவத் திறனறித் தேர்வான ‘ஆஸ்வாப்’. மதிப்பெண்ணை யாருக்குத் தருவது என்ற தெரிவுகளில் பள்ளி ‘8-ஆம் தெரிவை’ எடுத்தால்தான் மதிப்பெண் ஆள்சேர்ப்பாளருக்குப் போகாது. மாணவர் தனியாக அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெற்றோர் கூட்டாகப் போய் முதல்வரிடம் கேட்பதே பலன் தரும்.

மகன் ஏற்கெனவே ‘தாமத நுழைவில்’ (இப்போது ஒப்பந்தம், பிறகு பயிற்சி) கையெழுத்திட்டிருந்தால் பயப்படவேண்டாம். பயிற்சிக்குப் புறப்படும் முன் விலகல் கடிதம் எழுதலாம். கைது செய்வோம் என்ற மிரட்டல் வெற்று மிரட்டல். கட்டாய ஆள்சேர்ப்பு வந்தால் கூப்பிடுவதற்கான பட்டியலில் 18 வயது ஆண்களைச் சேர்க்கும் ‘செலெக்டிவ் சர்வீஸ்’ பதிவு மட்டும் வேறு விஷயம். இந்தக் கடிதங்கள் எதுவும் அதை ரத்து செய்யாது.

கேள்வி: எனக்குக் குடியுரிமை இல்லை. போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போகலாமா?

பதில்: பேச்சுரிமை உங்களுக்கும் உண்டு, ஆனால் கைதானால் விளைவு உங்களுக்குத்தான் பெரிது: கைரேகை குடிவரவுத் துறைக்கும் போகும். ஊர்வலத்தின் நடுவே திடீரென்று சாலையில் உட்காரச் சொல்லும் ஏற்பாட்டாளர்களோடு போகாதீர்கள். மறியல் எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவழியாக வெளியேறலாம் என்று முன்பே கேளுங்கள். வழக்கறிஞர் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், கைப்பேசியை வாங்கிவிடுவார்கள்.