ஆகஸ்டில் சால்ஸ்பர்க், திருவிழா டிக்கெட் இல்லாமல்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகருக்கு மூன்று நாள்தான், முதுகுப்பையோடு வருகிறீர்கள், அங்கே நடக்கும் கோடை இசைவிழாவின் டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை, இசையே கேட்காமல் திரும்ப வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

விழா நாட்களில் மாலையில் கபிட்டல்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போங்கள். பெரிய திரையில் ஓபரா பதிவுகளை இலவசமாகப் போடுவார்கள். கொஞ்சம் முன்னாடியே போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். உங்கள் நாட்களில் ஞாயிறு வந்தால் காலை 10 மணிக்குச் சால்ஸ்பர்க் பேராலயத்தில் நடக்கும் திருப்பலியை விடாதீர்கள். பல ஞாயிறுகளில் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்தே அதில் இசைக்கின்றன. 1756இல் இசையமைப்பாளர் மோட்சார்ட் ஞானஸ்நானம் பெற்றதும், பின்னாளில் ஆர்கன் வாசித்ததும் இங்கேதான். என்னைக் கேட்டால் கெட்ரைடெகாஸ்ஸே தெரு 9ஆம் எண்ணில் அவர் பிறந்த வீட்டுக் கூட்டத்தில் நெரிவதைவிட இது எவ்வளவோ மேல். நொன்பெர்க் மடத்தில் கன்னியாஸ்திரிகள் விடியற்காலையில் பாடுவதையும் கேட்கலாம், எழுந்திருக்க முடிந்தால்!

சரி, பல இடங்களின் நுழைவுக் கட்டணம் அடங்கிய சுற்றுலா அட்டையான சால்ஸ்பர்க் கார்டு வாங்கலாமா? கோட்டை, மோட்சார்ட்டின் இரண்டு வீடுகள், உண்டர்ஸ்பெர்க் மலைக் கேபிள் கார் எல்லாவற்றையும் 48 மணி நேரத்துக்குள் பார்ப்பீர்களானால் வாங்குங்கள், பேருந்தும் அதிலேயே அடங்கும். சும்மா நடப்பவருக்கு அது தண்டச் செலவு. மிராபெல் தோட்டமும் மோன்ஷ்பெர்க் மலைப்பாதையும் இலவசம். அந்தப் பாதையில் வடக்கே நடந்தால் முல்ன் பக்கம் அகஸ்டினர் மதுக்கூடத்துக்கு இறங்கலாம். சாப்பாட்டை நீங்களே கொண்டுபோய்ச் சாப்பிடலாம்.

அப்புறம், மழைச்சட்டை கட்டாயம். ஆகஸ்டிலும் அங்கே சில நாட்களில் நாள் முழுக்கத் தூறும்.