"கார்ட்டூன் தானே?"ன்னு கேக்குறவங்களுக்கு எத போட்டு காட்டுறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் பத்தி சின்னதா எழுதினேன், அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் படிச்சு பாத்தா பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், வீட்ல யாரோ ஒருத்தர் இத ஏத்துக்கவே மாட்டேங்குறாங்க, அவங்களுக்கு என்ன காட்டுறது. அதனால இந்த தடவ முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்ச பெரிய பேரு எதையும் சொல்லப்போறதில்ல, அதெல்லாம் ஏற்கனவே பாத்துட்டுதான் நிறைய பேர் வேணாம்னு எழுந்து போயிருக்காங்க.

எனக்கு 46 வயசு, கடை வெச்சிருக்கேன். காலேஜ் படிக்கிற பையன் கூட ரெண்டு தடவ உக்காந்து பாத்தேன். முடிய நட்டுக்கிட்டு நிக்கிற பசங்க கத்திக்கிட்டே சண்ட போடுறாங்க, ஒரு அடி விழறதுக்குள்ள எபிசோடே முடிஞ்சிடுது. நான் க்ரைம் நாவல் கையில எடுத்தா ராத்திரி தூங்காம முடிக்கிற ஆளு. எனக்கு இதுல என்ன சார் இருக்கு? – மதுரை வாசகர்

நீங்க பாத்தது பிடிக்கலன்னா அது உங்க தப்பு இல்ல சார், அது உங்களுக்காக எழுதினதே இல்ல. அனிமே நெறைய காமிக்ஸ்லேர்ந்து எடுக்கறதுதான், ஜப்பான்ல காமிக்ஸ் பத்திரிகைங்க வாசகர் யாருன்னு பிரிச்சுதான் வரும், சின்ன பசங்களுக்கு வர்றத ஷோனென்னு சொல்வாங்க, வளந்த ஆம்பளைங்களுக்கு செய்னென், வளந்த பொம்பளைங்களுக்கு ஜோசெய். நம்ம ஊருக்கு வந்து சேந்ததுல ரொம்ப பிரபலமானதெல்லாம் பெரும்பாலும் ஷோனென்தான். அத மட்டும் பாத்துட்டு அனிமேன்னா இதுதான்னு முடிவு பண்றது, அம்புலிமாமா ஒண்ண படிச்சுட்டு தமிழ்ல கதைன்னா இவ்ளோதான்னு சொல்ற மாதிரி.

உங்களுக்கு நான் சொல்றது மான்ஸ்டர். நவோகி உரசவா எழுதி வரைஞ்ச காமிக்ஸ், மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2004ல தொடங்கி 2005 வரைக்கும் 74 எபிசோடா எடுத்தாங்க. கதை நடக்கறது ஜப்பான்ல கூட இல்ல, ஜெர்மனியில, டூசெல்டார்ஃப் ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில 1986ல தொடங்குது. கென்சோ டென்மான்னு ஒரு ஜப்பான்கார மூளை சர்ஜன், கையில அவ்ளோ தெறம. டைரக்டர் பொண்ணோட கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கு, ப்ரமோஷன் காத்துக்கிட்டு இருக்கு. ஒரு நாள் ஆபரேஷன் முடிச்சுட்டு வர்றாரு, பிரபல ஓபரா பாடகர் பொழச்சுட்டாருன்னு எல்லாரும் கை குலுக்குறாங்க. அடுத்து காரிடார்ல ஒரு துருக்கிக்கார அம்மா அவர புடிச்சுக்கிட்டு அழுவுறாங்க, என் புருஷன்தானே மொதல்ல வந்தாரு, ஏன் அவர விட்டுட்டு இன்னொருத்தர பாக்க போனீங்கன்னு. கட்டட வேல செய்யிற தொழிலாளி அவரு, செத்துட்டாரு. டென்மாவுக்கு மேலேர்ந்து வந்த உத்தரவு, அவரு பாட்டுக்கு மாறி போயிட்டாரு, அவ்ளோதான். அந்த அம்மா கேட்ட கேள்வி மனசுல குத்திக்கிட்டே இருக்கும்போது இன்னொரு ராத்திரி தலையில குண்டடி பட்ட ஒரு சின்ன பையன் வர்றான், பின்னாடியே ஊர் மேயர் வர்றாரு, மேயர பாருன்னு ஃபோன் வருது. இந்த தடவ டென்மா பையனதான் காப்பாத்துறாரு. ஒன்பது வருஷம் கழிச்சு அந்த பையன் யாருன்னு தெரிய வரும்போது கதை பிடிக்கிற வேகம் இருக்கே, அத நீங்களே பாருங்க.

இதுல சக்தி கிடையாது, மந்திரம் கிடையாது, யாரும் பறக்க மாட்டாங்க. நல்ல மனசோட செஞ்ச ஒரு காரியத்துக்கு ஒரு மனுஷன் எவ்ளோ விலை குடுக்கணும்ங்கிறதுதான் கதை. நடுவுல ஒரு இருபது எபிசோடு டென்மா ஓரமா போயிட்டு புதுசு புதுசா ஆளுங்க வருவாங்க, பொறுமையா இருங்க, அவங்க எல்லாரும் வேணும். பையன கூட உக்கார வெச்சுக்கோங்க, ஆனா சின்ன பசங்க வீட்ல இருந்தா வேணாம்.

அனிமே ஜப்பான் மொழியில ஓடுது, கீழ எழுத்த படிச்சுக்கிட்டே படத்த பாக்க முடியல. – சேலம் வாசகி

டப்பிங் இருந்தா தாராளமா டப்பிங்ல பாருங்க, அத கொறச்சு பேசுறவங்க பேச்ச காதுல வாங்காதீங்க. கதை உள்ள போறதுதான் முக்கியம்.

அப்பாவுக்கு 70 ஆகப்போகுது. வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம், பழைய நாடகம்னா எங்க நடந்தாலும் போவாரு. பொம்ம படம்னா டிவிய அணைச்சிடுவாரு. அவர பாக்க வைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? – திருநெல்வேலி வாசகி

இருக்கும்மா. இந்த கேள்விக்காகவே நான் இந்த இதழ எழுதினேன்னு வெச்சுக்கோங்க, ஏன்னா எங்க அப்பாவும் இதே ஆளுதான்.

ஷோவா கென்ரோகு ரகுகோ ஷின்ஜூ. பேரு நீளம், கொஞ்சம் பயமுறுத்தும், பரவால்ல. ஹருகோ குமோட்டாங்கிற பெண் எழுத்தாளர் வரைஞ்ச காமிக்ஸ், ஸ்டூடியோ டீன் 2016ல 13 எபிசோடு, 2017ல 12 எபிசோடு எடுத்தாங்க. ரகுகோன்னா ஜப்பான்ல பல நூறு வருஷமா இருக்கிற கதை சொல்ற கல. மேடையில ஒரு மெத்த, அதுல ஒரே ஒரு ஆளு மண்டி போட்டு உக்காந்திருப்பாரு, கையில ஒரு விசிறி, ஒரு துண்டு, அவ்ளோதான். நம்ம கதாகாலட்சேபத்துல பின்பாட்டு, மிருதங்கம் எல்லாம் உண்டு, வில்லுப்பாட்டுல குடம், உடுக்கை உண்டு, இங்க கதை நடக்கும்போது ஒரு மனுஷனோட கொரல் மட்டும்தான். தலைய வலது பக்கம் திருப்பினா வீட்டுக்காரர், இடது பக்கம் திருப்பினா வேலக்காரன். விசிறிய மூடி வாய்கிட்ட கொண்டு போனா நூடுல்ஸ் சாப்பிடுற குச்சி, உதட்ல வெச்சா புகைக்குழாய்.

கதை இப்படி தொடங்குது. ஜெயில்லேர்ந்து வெளிய வர்ற ஒரு முன்னாள் ரவுடி, நேரா ஒரு வயசான ரகுகோ கலைஞர் யாகுமோகிட்ட போயி சிஷ்யனா சேத்துக்கோங்கன்னு நிக்கிறான். அந்த பெரியவர் ஜெயிலுக்கு வந்து கதை சொன்னப்போ கேட்டவன் இவன், அன்னிக்கு விழுந்தவன்தான். யாரையும் சேத்துக்காத அவரு இவன சேத்துக்கிறாரு. ஏன்னு கேட்டா அங்கேர்ந்து கதை பின்னாடி போகுது, யாகுமோ சின்ன பையனா இருந்த காலம், கூடவே வளந்த நண்பன், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பொண்ணு, உலகப்போர். போர் காலத்துல, 1941ல, ரகுகோ கலைஞர்களே 53 கதைங்கள இது இப்போ சொல்லக்கூடாதுன்னு ஒதுக்கி வெச்சாங்க, டோக்கியோவுல ஒரு கோயில்ல அதுக்கு கல்லே நட்டிருக்காங்க, அது நெஜமா நடந்தது. அந்த காலத்தோட இறுக்கம் தொடர் முழுக்க இருக்கு.

அந்த பெரியவர் ஜெயில்ல சொன்ன கதை ஷினிகாமி, மரண தேவன். கடன்ல மூழ்கின ஒருத்தன மரண தேவன் ஒரு குகைக்கு கூட்டிக்கிட்டு போறான், உள்ள எங்க பாத்தாலும் மெழுகுவத்தி, ஒவ்வொண்ணும் ஒரு உசுரு. அதுல ஒண்ணு அணையப்போகுது, அது உன்னோடது, இன்னொரு மெழுகுவத்தியில ஏத்திக்கிட்டா பொழச்சுக்கலாங்கிறான். கை நடுங்குது, நடுங்க நடுங்க சுடர் ஆடுது, "அணையுது... அணையுது..."ன்னு கொரல் சின்னதாகிட்டே போகும், அப்புறம் மேடையில அப்படியே முன்னாடி சரிஞ்சு விழுவாரு. வரைஞ்ச உருவம்தான், ஆனா யாகுமோவுக்கு கொரல் குடுத்த அகிரா இஷிதா அந்த எடத்துல விடுற மூச்சு இருக்கே, பக்கத்துல உக்காந்திருந்த எங்க அப்பா மூக்குக்கண்ணாடிய கழட்டி துடைச்சுட்டு திரும்ப போட்டுக்கிட்டாரு. எபிசோடு முடிஞ்சதும் அவரு கேட்ட கேள்வி, "இந்த ஆளு இப்போ எங்க கதை சொல்றாரு?" அது வரைஞ்ச ஆளுங்கிறதே அவருக்கு மறந்து போச்சு.

மொதல் எபிசோடு வழக்கத்த விட நீளம், முக்கா மணி நேரத்துக்கு பக்கம் வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடாதீங்க, தூங்கிடுவாரு. ஞாயித்துக்கிழம காலையில காப்பி குடுத்துட்டு போடுங்க, "இது ஜப்பான்காரன் கதாகாலட்சேபம்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அனிமேங்கிற வார்த்தையே வேணாம்.

என் மனைவி பிசிக்ஸ் டீச்சர். விண்வெளின்னு சொல்லி எத காட்டினாலும் இது தப்பு அது தப்புன்னு எழுந்து போயிடுறா. – கோவை வாசகர்

பிளானட்டெஸ். சன்ரைஸ் ஸ்டூடியோ, 2003லேர்ந்து 2004 வரைக்கும் வந்த 26 எபிசோடு. 2075ல நடக்குது, ஆனா நாயகர்கள் யாரும் ஹீரோ இல்ல, விண்வெளியில குப்ப பொறுக்கறவங்க. உடைஞ்ச செயற்கைக்கோள் துண்டு, கழண்டு போன ஸ்க்ரூ, இதெல்லாம் பூமிக்கு கிட்ட இருக்கிற சுத்துப்பாதையில நொடிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் வேகத்துல போகுது, அந்த வேகத்துல ஒரு ஸ்க்ரூ மோதினா என்ன ஆகும்னு தொடரோட ஆரம்பத்துலயே ஒரு பயணிகள் விண்கலத்துல காட்டிடறாங்க. அதுல மனைவிய எழந்தவர் ஒருத்தர் இந்த குப்ப பொறுக்கற டீம்லயே வேல செய்யறாரு, ரொம்ப பேச மாட்டாரு. ஏன் இந்த வேலைக்கு வந்தாருன்னு பத்தாவது எபிசோடுல தெரியும்போது நான் பாக்கறத நிறுத்திட்டு கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னேன்.

மேடம்கிட்ட இன்னொண்ணு சொல்லுங்க, துண்டும் துண்டும் மோதி மோதி குப்ப பெருகிக்கிட்டே போகுங்கிற கணக்க நாசா விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978லயே எழுதினாரு, இந்த தொடர் வந்து அஞ்சு வருஷம் கழிச்சு 2009ல இரிடியம் செயற்கைக்கோள் ஒண்ணும் செயலிழந்த ரஷ்ய செயற்கைக்கோள் ஒண்ணும் நெஜமாவே மோதிக்கிச்சு. நிலாவுல பொறந்து வளந்த ஒரு பொண்ணு வருவா, 12 வயசு, ஈர்ப்பு கம்மிங்கிறதால பெரியவங்க அளவுக்கு வளந்திருப்பா, பூமிக்கு வரவே முடியாது. அந்த எபிசோடு பாத்துட்டு மேடம் க்ளாஸ்ல பாடமே எடுக்கலாம்.

ஒண்ணு மட்டும் முன்கூட்டியே சொல்லிடறேன், ஆரம்ப எபிசோடுங்கள்ல ஆபீஸ் காமெடி கொஞ்சம் தூக்கலா இருக்கும், நிலாவுல நின்ஜா வேஷம் போட்ட ஒரு கும்பல் எல்லாம் வரும், எனக்கு அது பிடிக்கல. அத தாண்டிட்டா கதை வேற எடத்துக்கு போயிடுது.

ஐடி வேல, நைட் ஷிஃப்ட். வீட்டுக்கு வந்தா சத்தமே ஆகாது. எதையும் தொடர்ந்து பாக்க தெம்பும் இல்ல. – சென்னை வாசகர்

முஷிஷி. 2005ல வந்தது, 26 எபிசோடு, ஹிரோஷி நகஹாமா டைரக்ட் பண்ணது, 2014ல திரும்பவும் வந்துச்சு. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கத, எங்க வேணா ஆரம்பிங்க, பாதியில தூங்கினாலும் குத்தமில்ல. கிங்கோன்னு ஒரு நாடோடி வைத்தியர், வெள்ள முடி, ஒத்த கண்ணு, ஊரு ஊரா நடந்து போறாரு. செடியும் இல்லாத, மிருகமும் இல்லாத முஷின்னு ஒரு வகை உசுருங்க, அதால ஜனங்களுக்கு வர்ற வினோதமான நோவு, அத பாக்கறாரு. முஷிய அவரு எதிரியா பாக்கறதே இல்ல, அதுவும் பொழைக்கணும் நாமளும் பொழைக்கணும்ங்கிற மாதிரிதான் அணுகுவாரு.

மூணாவது எபிசோடு மட்டும் ஹெட்ஃபோன்ல பாருங்க. பனியில மூழ்கின ஒரு கிராமம், அங்க சத்தத்த தின்னுற ஒண்ணு காதுக்குள்ள புகுந்துடுது, ஜனங்களுக்கு ஒரு பக்கம் காது கேக்கல. ஒரு பையனுக்கு மட்டும் நேர் எதிரா, கேக்கக்கூடாத சத்தமெல்லாம் நிக்காம கேக்குது. அவன் அம்மா இதே நோவுல செத்தவ, சாகறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் காத மூடி அவனுக்கு ஒரு சத்தம் கேக்க வெச்சிருப்பா. நீங்களும் இப்பவே மூடி பாருங்க, உள்ளங்கைய நல்லா அழுத்தி. தூரத்துல ஏதோ உருண்டு வர்ற மாதிரி ஒரு முழக்கம் கேக்கும், அது உங்க கைத் தசை வேல செய்யிற சத்தம். அந்த அம்மா அத எரிமலைக் குழம்பு ஓடுற சத்தம்னு சொல்லியிருப்பா. அது கதையில எதுக்கு வருதுன்னு தெரிஞ்ச அன்னிலேர்ந்து எனக்கு தூக்கம் வராத ராத்திரியில கை தானா காதுக்கு போகுது.

இவ்ளோ நல்லா இருந்தா ஏன் யாருக்கும் தெரியல? ஓடாததுக்கு காரணம் இருக்கும்ல? – புதுச்சேரி வாசகர்

நியாயமான கேள்வி. ஒரு அனிமே நாலு பேருக்கு தெரியணும்னா அத சுத்தி பொம்ம, கேம், டிஷர்ட்னு விக்கணும், வருஷா வருஷம் புது சீசன் வரணும். கிமோனோ போட்ட வயசான கதைசொல்லிய பொம்மையா செஞ்சா எந்த குழந்த வாங்கும்? இந்த தொடர்ங்க எல்லாம் சொல்ல வந்தத சொல்லிட்டு முடிஞ்சு போனதுங்க, முடிஞ்ச கதைக்கு விளம்பரம் பண்ண யாரும் இல்ல. பாத்தவங்க பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சொன்னாதான் உண்டு.

எட்டு வயசு பொண்ணும் நானும் சேந்து பாக்குற மாதிரி ஒண்ணு? – ஈரோடு வாசகி

பாரகமோன், 2014, வெறும் 12 எபிசோடு. தூரிகையால எழுத்த அழகா எழுதுற கலைஞன் ஒருத்தன், இளம் வயசு, நெறைய பரிசு வாங்கினவன். ஒரு கண்காட்சியில பெரியவர் ஒருத்தர் உன் எழுத்து பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்னு சொல்ல, கோவத்துல கை நீட்டிடறான். அப்பா அவன நாகசாகி பக்கம் கோட்டோ தீவுக்கு அனுப்பிடறாரு. அங்க நாருன்னு ஒரு வாண்டு அவன் வீட்டையே தன்னோட எடமா வெச்சிருக்கா, அவளுக்கு கொரல் குடுத்ததும் நெஜமாவே ஒரு சின்ன பொண்ணுதான், அது கேட்டவுடனே தெரியும். மொதல் எபிசோடுல ஒரு ஒயரமான சுவத்துக்கு முன்னாடி அவன நிறுத்தி, இதுல ஏறினாதான் அந்தப்பக்கம் தெரியும்னு சொல்வா. ஏறி பாத்தா சூரியன் கடல்ல எறங்கிக்கிட்டு இருக்கும். உங்க பொண்ணு அந்த எடத்துல உங்கள திரும்பி பாப்பா, அப்போ ஃபோன கீழ வெச்சிருங்க.