ஏலம் எடுத்தவரும் ஏலம் விட்டவர்களும்

கேள்வி: கி.பி. 193இல் ரோமப் பேரரசே ஏலத்துக்கு வந்ததாகவும், திதியுஸ் யூலியானுஸ் என்ற செல்வந்தர் அதை விலைக்கு வாங்கியதாகவும் படித்தேன். பணத்தால் அரியணை ஏறிய அந்த ஒரு மனிதரால்தானே ரோம் வீழ்ந்தது?

பதில்: ஏலம் நடந்தது உண்மை. அன்று செனட் உறுப்பினராக இருந்த காசியுஸ் தியோ, வெறுப்பை மறைக்காமல் அதை எழுதிவைத்திருக்கிறார். மார்ச் 28ஆம் நாள் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்ற, பேரரசருக்கே காவலாக ரோமில் இருந்த பிரீட்டோரியக் காவல் படையினரின் முகாமில், கொலையுண்டவரின் மாமனாரான சுல்பிசியானுஸ் உள்ளே இருந்தும், யூலியானுஸ் மதிலுக்கு வெளியே நின்றும் போட்டி போட்டு விலை ஏற்றினார்கள். மாமனார், காவல் வீரர் ஒருவருக்கு 20,000 செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) என்பது வரை வந்தார். யூலியானுஸ் ஒரேயடியாக 5,000 கூட்டி, அதை விரல்களாலும் காட்டி, 25,000 என்று கத்தினார். எல்லைப் படைவீரன் ஒருவனுக்கு அப்போது ஆண்டுச் சம்பளம் 1,200 செஸ்டெர்ஸ்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மருமகனைக் கொன்றவர்களிடமே அன்றே விலை பேசிய மாமனாரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தோற்றவர் என்பதால் தப்பித்துக்கொண்டார் போலும்.

ஆனால் விலை கொடுத்தவர் யூலியானுஸ் ஒருவர்தானா? கி.பி. 41இல் கிளாடியுஸ் தலைக்கு 15,000 கொடுத்தே அரியணையில் அமர்ந்தார். தத்துவ ஞானி என்று நாம் போற்றும் மார்க்கஸ் அவுரேலியுஸும் அவருடைய இணைப் பேரரசரும் கி.பி. 161இல் 20,000 கொடுத்தார்கள். அதை யாரும் ஏலம் என்று சொல்வதில்லை. கண்டிப்பானவர் என்று பெயரெடுத்த பெர்டினாக்ஸும் 12,000 தருவதாக வாக்களித்துத்தான் பதவிக்கு வந்தார். முன்னவரான கொம்மோடுஸ் கஜானாவில் விட்டுச்சென்றது வெறும் 10 லட்சம் செஸ்டெர்ஸ் என்பதால், அவருடைய ஆடம்பரப் பொருள்களை விற்றுப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக அன்பளிப்பு என்ற பெயரில் நடந்துவந்த பேரத்தை யூலியானுஸ் ஊரறியச் செய்தார் என்பதுதான் வேறுபாடு. அன்றிரவே அவரை ஏற்றுக்கொண்டதும், ஜூன் தொடக்கத்தில் அவருக்கு மரண தண்டனை விதித்ததும் ஒரே செனட் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அவர் ஆண்டது 66 நாள்கள். அவரை வீழ்த்தியது அறச்சீற்றம் அன்று, தன்யூப் ஆற்று எல்லைப் படைகள். ஏப்ரல் 9ஆம் நாள் கார்னுந்தும் நகரில் அவை செப்டிமியுஸ் செவேருஸைப் பேரரசராக அறிவித்தன. சிரியாவில் பெஸ்கென்னியுஸ் நைகரைக் கிழக்குப் படைகள் உயர்த்தின. பிரிட்டனில் இருந்த குளோடியுஸ் அல்பினுஸைச் செவேருஸ் சீசர் (இளைய பேரரசர்) பட்டம் கொடுத்து அமைதிப்படுத்தினார். நகரக் காவல் படை விற்ற பொருள் உண்மையில் அதன் கையில் இல்லை என்பதும், அது எல்லைப் படைகளின் கையில் இருந்தது என்பதும் அந்த வசந்த காலத்தில் வெளிப்பட்டன. 193இன் முக்கியத்துவம் ஏலத்தைவிட இதில்தான் இருக்கிறது.

செவேருஸ் ரோமுக்குள் நுழையுமுன், காவல் படையினரை ஆயுதமின்றி வரச்சொல்லிச் சுற்றிவளைத்து, படையைக் கலைத்து, அவர்களை நகரிலிருந்து துரத்தினார். அவர்களுடைய இடத்தில் தம் படைவீரர்களையே அமர்த்தினார். அந்த வீரர்களும் ரோமுக்குள் வந்தவுடன் செனட்டிடம் தலைக்கு 10,000 செஸ்டெர்ஸ் கேட்டார்கள்.

ரோம் வீழ்ந்தது பற்றிக் கேட்டீர்கள். மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் பதவியிழந்தது கி.பி. 476இல், அதாவது யூலியானுஸ் கொல்லப்பட்டு 283 ஆண்டுகளுக்குப் பிறகு.