சூ ஹோக் கீ யார்? 27 வயதைக்கூடத் தொடாத ஒருவரை இந்தோனேசியர்கள் ஏன் இன்னும் நினைக்கிறார்கள்?

நாம் ஆட்சிக்குக் கொண்டுவந்தவர்களையே நாம் கேள்வி கேட்போமா? கீ கேட்டார். அதனால்தான்.

1942 டிசம்பர் 17 அன்று ஜகார்த்தாவில் ஒரு சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தோனேசியப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, பிறகு அங்கேயே விரிவுரையாளர் ஆனார். 1966-இல் அப்போதைய அதிபர் சுகர்ணோவுக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இவரும் முன்னால் நின்றார். சரி, சுகர்ணோவின் காலம் முடிந்தது, சுகார்த்தோ வந்தார். கூடப் போராடிய சிலர் நாடாளுமன்ற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள். கீ என்ன செய்தார் தெரியுமா? அவர்களுக்கு உதட்டுச் சாயமும் பவுடரும் அனுப்பிவைத்தார்! புது எஜமானுக்கு முன்னால் அழகாகத் தெரியட்டுமாம். கிண்டலோடு நிற்கவில்லை. கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்திப் பாலித் தீவில் மக்களைக் கொன்று குவித்ததையும் கண்டித்து எழுதினார். இத்தனைக்கும் அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் எதிர்ப்பாளர். உதட்டுச் சாயக் கதையைவிட இதுதான் பெரிய துணிச்சல் என்பேன்.

அரசியல் கசந்தால் மலைக்குப் போய்விடுவார். பல்கலைக்கழகத்தின் மலையேற்றக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்படித்தான் 1969 டிசம்பர் 16 அன்று, 27-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், ஜாவாவின் மிக உயர்ந்த எரிமலையான செமெருவின் உச்சியில் நச்சு வாயுவைச் சுவாசித்து இறந்தார்.

1983-இல் அவருடைய நாட்குறிப்பு புத்தகமாக வந்தது. அப்போதும் சுகார்த்தோதான் அதிபர். அவரது அஸ்தி பங்ராங்கோ மலையில், அவருக்குப் பிடித்த மண்டலவாங்கிப் பள்ளத்தாக்கில் தூவப்பட்டது. மலையேறும் இளைஞர்கள் இன்றும் அங்கே போகிறார்கள்.