சர்வீஸுக்கு விட்டு எடுத்த காரில் எஞ்சினுக்கு அடியில் இருந்த கவர் இல்லை. அப்படியே சேலத்திலிருந்து ஏற்காடு போய் வரலாமா?

தாராளமாகப் போகலாம், காணாமல் போனது வெறும் பிளாஸ்டிக் கவராக இருந்தால். அடிவாரத்திலிருந்து ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான். கல், மண் சரிந்து கிடக்காத நாளில் வண்டியின் அடியைத் தொட அங்கே எதுவும் இல்லை. சேலத்துக்குள் இருக்கும் சில வேகத்தடைகள்தான் அதைவிட மோசம்.

அந்த கவரின் முதல் வேலை, முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் சேறும் எஞ்சின் பெல்ட், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் மேல் போகாமல் தடுப்பது. பொடிக்கல்லையும் தடுக்கும், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். பெரிய பாறையில் மோதினால் அதுவே உடைந்துவிடும். சின்ன கார்கள் பலவற்றுக்கு முழு கவரே கிடையாது; பக்கத்துக்கு ஒரு துண்டோடு சரி. அதனால் வெயில் நாளில் கவர் இல்லாமல் போவதை நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மழை நாளில் தேங்கிய தண்ணீரில் வேகமாக இறக்காதீர்கள். பெல்ட் நனைந்து வழுக்கினால் கிரீச்சென்று கத்தும், சில நேரம் பேட்டரி விளக்கும் எரியும். பெரும்பாலும் காய்ந்ததும் சரியாகிவிடும்.

முழுசாக இல்லாததைவிட ஆபத்து, பாதி கழன்று தொங்கும் கவர். அதனால் கிளம்புவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். இரண்டு கிளிப் போய் முன்பக்கம் தொங்கினால், ஓடும்போது காற்று அதைக் கீழே தள்ளும், ரோட்டில் உரசும், முன்சக்கரத்தில் மாட்டினால் பம்பரையும் சேர்த்து இழுக்கும். சைலன்ஸர் குழாயில் பட்டால் உருகி நாறும். ஒன்று நைலான் டேக் போட்டு இறுகக் கட்டுங்கள், இல்லையென்றால் கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள்.

ஏற்காட்டுக்குப் போன பிறகு எங்கே சுற்றுகிறீர்கள் என்பதைத்தான் நான் யோசிப்பேன். ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் என்றால் கவலை இல்லை. காபி எஸ்டேட்டுக்குள் இருக்கும் வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. மழையில் அரித்த மண்பாதையில் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடுவில் மாட்டு முதுகு மாதிரி மேடு நிற்கும். அதில் ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் நேராக ஆயில் சம்ப்பில்தான், அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில்தான், இடிக்கும். அலுமினிய சம்ப் விரிசல் விடும். ஆயில் ஒழுகுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரும்புத் தகட்டு சம்ப்தான் ஏமாற்றும். ஒரு சொட்டு ஒழுகாது, நசுங்கி மட்டும் இருக்கும். ஆனால் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சம்ப்பின் அடித்தட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. தட்டு மேலே நெளிந்தால் அந்த வாய் அடைபட்டு, எஞ்சின் அதிகம் ஆயில் கேட்கும் ஏற்றத்தில் அதற்குப் போதுமான ஆயில் போகாது. ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு வளைவில் ஒரு முறை மினுக்கினாலும் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "அடிவாரம் வரைக்கும் உருட்டிட்டுப் போயிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்கமும் போய்விடும். அந்த இறக்கத்தில் அது விளையாட்டல்ல.

இந்த மாதிரிப் பாதைக்குப் பிளாஸ்டிக் கவர் இருந்தாலும் போதாது. அடியைக் காக்கும் இரும்புத் தகடுதான் வேண்டும். சேலத்தில் பட்டறைக்குப் பஞ்சமா, தகடு வெட்டி மாட்டிவிடுவார்கள். ஆனால் சேஸிஸில் போல்ட் போடச் சொல்லுங்கள், பம்பரில் வேண்டாம். காற்று போக வழியும், ஆயில் இறக்க ஒரு ஓட்டையும் இருக்க வேண்டும்.

கவர் இல்லாவிட்டால் எஞ்சின் சூடு குறையும் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்புவதில்லை. ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காகப் போக அந்த கவரும் சில வண்டிகளில் உதவுகிறது. மலை ஏறும் வேகத்தில் ஃபேன்தான் வேலை செய்கிறது. கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

உங்களுடையது மின்சார கார் என்றால் மேலே சொன்னது பெரும்பாலும் பொருந்தாது. அடியில் இருப்பது பேட்டரி. அதன் பாதுகாப்புத் தட்டு இல்லையென்றால் சர்வீஸில் காட்டாமல் மலை ஏறாதீர்கள்.

கவரைத் திரும்ப வாங்க முதலில் சர்வீஸ் செய்த இடத்திலேயே கேளுங்கள். ஆயில் மாற்றக் கழற்றிவிட்டு, கிளிப் உடைந்ததால் ஓரமாகப் போட்டிருப்பார்கள்; பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். புது கிளிப் ஒரு கைப்பிடி அதிகமாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆயில் மாற்றத்திலும் இரண்டு கிளிப்பாவது உடையும்.