தினம் ஒரு அபூர்வ ஆங்கிலச் சொல் படித்தால் ஆங்கிலம் வளருமா? படித்தது மறக்காமல் இருக்க என்ன வழி?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. யாரும் அதிகம் பேசாத ஆங்கிலச் சொற்களை நாளுக்கு ஒன்றாகப் படித்தால் ஆங்கிலம் வளருமா என்பது ஒன்று. படித்ததை எப்படி மறக்காமல் வைத்துக்கொள்வது என்பது அடுத்தது. முதலாவதற்கு என் பதில்: வளராது. இரண்டாவதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷுக்கு எனக்குக் கிடைத்தது வெறும் ‘எஸ்’, அதாவது கடைசிப் படியில் ஒரு பாஸ். உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் ஒரு வருடம் வீட்டில் இருந்தபோதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர் இருந்தது. காலையில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு சொல், பக்கத்தில் அதன் அர்த்தம். எழுதி முடித்ததும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவேன். வருடக் கடைசியில் டின் நிறைந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசித் தாள்கள் வேறு யாரோ எழுதி வைத்தவை போல இருந்தன. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

அந்த வருடம்தான் எங்கள் காம்பராவின் (லயத்து அறையின்) கூரைத் தகரம் ஓட்டை விழுந்து, அம்மா படுக்கிற கட்டிலுக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது. தோட்ட ஆபீசுக்குக் கடிதம் எழுதுகிற பொறுப்பு படித்த பிள்ளையான என் தலையில் விழுந்தது. இங்கிலீஷில் எழுதினால் துரையே எடுத்துப் படிப்பார் என்று நினைத்தேன். டின்னில் இருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன். வானம் ‘லாக்ரிமோஸ்’, அதாவது கண்ணீர் விடுகிறது. எங்கள் குடும்பம் ‘பெனூரியஸ்’, அதாவது பரம ஏழை. இப்படி ஒன்றரைப் பக்கம். பெரிய கிளாக்கர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“தம்பி, ஒங்க குடும்பம் கஞ்சப் பிசினாறின்னு எழுதியிருக்கு. அது சரி, தகரம் வேணும்னு எங்க எழுதியிருக்க?”

அந்தச் சொல்லுக்கு ஏழை என்றும் கஞ்சன் என்றும் இரண்டு அர்த்தம் உண்டு. நான் முதல் அர்த்தத்தை மட்டும் தாளில் எழுதி வைத்திருந்தேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். தகரம் என்ற பேச்சே அதில் இல்லை. கிளாக்கரே ஒரு கடதாசியைக் கிழித்துத் தந்தார். கூரை ஒழுகுகிறது, மழை அம்மாவின் கட்டிலில் விழுகிறது, நாலு தகரம் தாருங்கள் என்று மூன்று வரி எழுதினேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் கழித்து இரண்டு தகரம் வந்தது. (நாலு கேட்டால் இரண்டு வரும் என்பது வேறு பாடம்.)

நீண்ட நீண்ட சொற்களைக் கொட்டிப் பேசுவதற்கு ஆங்கிலத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: செஸ்குவிபிடேலியன். ஹொரஸ் என்ற ரோமானியக் கவிஞர் ‘ஒன்றரை அடி நீளச் சொற்கள்’ என்று கிண்டல் செய்ததிலிருந்து வந்தது. நமக்கு ஒரு முழுக் குறளே ஒன்றே முக்கால் அடிதான். ஒரு சொல்லுக்கு மட்டும் ஒன்றரை அடி என்றால் கொஞ்சம் அதிகம்தான். ஆகவே பரீட்சைக்கோ வேலைக்கோ என்று கேட்டால், இதை விட்டுவிட்டு அன்றாடம் புழங்குகிற சொற்களைச் சரியாகப் பயன்படுத்தப் பழகுங்கள். அபூர்வச் சொல் படிப்பது தாயம் விளையாடுவது மாதிரி. விளையாட்டுக்காகப் படிப்பதில் தப்பே இல்லை.

சரி, மறக்காமல் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதக் கூத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் தானாக வந்தது. சாயந்திரம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து, காலில் அட்டை கடித்த இடங்களைக் கழுவிவிட்டு, அம்மா அடுப்படியில் உட்காருவார். “இன்னைக்கு என்னா சொல்லு?” என்று கேட்பார். நான் அர்த்தத்தைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “அதுக்கு நம்மகிட்ட என்னா பேரு?” பதில் சொல்ல முடிந்த சொற்கள் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன. முடியாதவை டின்னோடு சரி. நான் கண்டுபிடித்த ஒரே வழி இதுதான்.

உதாரணத்துக்கு ‘அப்ரிசிட்டி’. குளிர்காலத்தில் உடம்பில் படுகிற வெயிலின் இதமான சூடு. 1623இல் ஹென்றி கொக்கரம் என்பவர் போட்ட ஆங்கில அகராதியில் இருக்கிறது. ஆங்கிலேயர்களே இதைப் பேசுவதில்லை. ஆனால் தை மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சில விடியற்காலைகளில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். வெயில் லயத்துச் சுவரைத் தொட்டதும் கிழவர்கள், பிள்ளைகள், நாய் எல்லோரும் வரிசையாக முதுகைச் சுவரில் சாய்த்து நிற்பார்கள். “அதான் வெயில் காயுறது” என்றார் அம்மா. சரியாகச் சொன்னால் ஆங்கிலச் சொல் அந்தச் சூட்டின் பெயர், நம்முடையது அந்தச் சூட்டில் நிற்கிற வேலையின் பெயர். எனக்கு நம்முடையதே பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் இருக்கும் வரைக்கும் அப்ரிசிட்டி எனக்கு மறக்காது.

‘ஓவர்மாரோ’ என்று ஒரு சொல். 1535இல் அச்சான கவர்டேல் பைபிளில் வருகிறது. நாளைக்கு அடுத்த நாள் என்று அர்த்தம். முந்தாநாளுக்கு ‘எரெயெஸ்டர்டே’ என்றும் ஒன்று இருந்ததாம். இரண்டையும் ஆங்கிலம் தொலைத்துவிட்டு இப்போது நாலு சொல் சேர்த்துச் சுற்றி வளைத்துச் சொல்கிறது. அம்மாவுக்கு இது நம்பவே முடியவில்லை. “நாளான்னைக்கு, முந்தாநேத்துன்னு சொல்ல அவுங்களுக்கு வார்த்தை இல்லையா?” வெள்ளைக்காரன் எதையோ கைதவறி விட்டுவிட்டான் என்று கேட்டதில் அவருக்கு ஒரு சந்தோஷம் வேறு.

‘பெட்ரிகோர்’ மண்வாசனை. 1964இல் இசபெல் ஜாய் பெயார், ரிச்சர்ட் தோமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வைத்த பெயர். கிரேக்கத்தில் கல்லுக்குரிய சொல்லையும், தேவர்களின் உடம்பில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகச் சொல்லப்படும் திரவத்தின் பெயரையும் சேர்த்துச் செய்தது. இது இன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. அகராதியில் ‘பேர்ச்’ என்று தேடினேன். பறவை உட்காரும் கொம்பு என்று போட்டிருந்தது. ஒரு மீனின் பெயர் என்றும் போட்டிருந்தது. கடைசியில் சின்ன எழுத்தில், பழைய நில அளவை. பழைய அளவையா? இலங்கையில் காணி வாங்குகிறவர், விற்கிறவர், தரகர், லோயர் எல்லோரும் பேசுவது பேர்ச்சஸ்தானே. 40 பேர்ச் ஒரு ரூட், 160 பேர்ச் ஒரு ஏக்கர். தோட்ட மக்களுக்குத் தனி வீடு என்று 2015இல் பேச்சு வந்ததிலிருந்து மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் இந்தச் சொல் தெரியும். 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்று கோயிலடியில் சண்டையே நடக்கும். ஒரு பேர்ச் என்பது சுமார் 272 சதுர அடி. எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. அப்படியென்றால் ஐந்து பேர் சமைத்துப் படுத்து எழும்பிய இடம் அரைப் பேர்ச்கூட இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாளை நான் டின்னில் போடவில்லை.

சொல்லின் வேர் லத்தீனில் நீண்ட கம்பு. நிலம் அளக்கிற கம்பும் குருவி உட்காருகிற கம்பும் ஒரே சொல்தான். மீன் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “குருவிக்கு ஒக்கார ஒரு கம்பு போதும். நமக்குத்தான் ஏழு கம்பு கேட்டு நிக்க வேண்டியிருக்கு” என்றார்.

ரூட்டும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது கம்பு, அதே சொல் சிலுவைக்கும் ஆகியது. தலவாக்கலைப் பக்கம் ஹோலிரூட் என்று ஒரு தோட்டம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குப் புனிதச் சிலுவை என்று அர்த்தம். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை இங்கே கொண்டுவந்து மலைக்கு மலை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ‘கிளென்’ என்று தொடங்கினால் ஒடுக்கமான பள்ளத்தாக்கு, ‘ஸ்ட்ராத்’ என்று தொடங்கினால் அகன்ற பள்ளத்தாக்கு. பஸ் போர்டுகளைப் படித்தாலே பாதி அகராதி வந்துவிடும். பூண்டுலோயாவில் டன்சினன் என்று ஒரு தோட்டம். அது ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் வருகிற மலை. உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிற கொழும்புப் பிள்ளைக்கு அது பாடம். எங்களுக்கு அது பஸ் நிற்கிற இடம்.

இன்னொன்று ‘பீக்கோ’. தேயிலைப் பெட்டிகளில் எல்லாம் இருக்கும், யாரும் அர்த்தம் கேட்பதில்லை. சீனாவின் அமோய் வட்டார மொழியில் வெள்ளைத் தூவி என்று பொருளாம். இதை அம்மாவிடம் சொன்ன மறுநாள் அவர் ஒரு கொழுந்தைக் கொண்டுவந்து லாம்பு வெளிச்சத்தில் பிடித்தார். விரியாத அரும்பின் மேல், பச்சைக் குழந்தையின் காதோரத்தில் இருப்பது போல மெல்லிய வெள்ளை மயிர். முப்பது வருடமாகக் கிள்ளுகிற விரல், அது எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. “இதுக்கா சீனாக்காரன் பேர் வச்சான்” என்று கேட்டுவிட்டு அதை அடுப்பில் போட்டார்.

‘செரண்டிபிட்டி’ பற்றி இலங்கைக்காரன் சொல்லாமல் போனால் கோபிப்பார்கள். 1754 ஜனவரி 28 தேதியிட்ட கடிதம் ஒன்றில் ஹொரஸ் வோல்போல் உண்டாக்கிய சொல். செரண்டிப் என்பது நம் நாட்டின் பழைய பெயர். ஹோட்டல் பெயர்ப் பலகைகளில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எல்லோரும் இதை அதிர்ஷ்டம் என்று மொழிபெயர்க்கிறார்கள். வோல்போல் சொன்னதோ தற்செயலோடு புத்திக்கூர்மையும் சேர்ந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்ட விதம்: “வெறகு பொறுக்கப் போன எடத்துல காளான் கெடைக்கிற மாதிரியா?” அதேதான். எந்தக் காளான் தின்னலாம், எது நஞ்சு என்று தெரிந்தவருக்குத்தான் அது கிடைத்த மாதிரி.

ஒரு எச்சரிக்கை. போனில் வருகிற ‘இன்றைய அபூர்வச் சொல்’ பட்டியல்களை அப்படியே நம்பாதீர்கள், பாதி யாரோ நேற்று இட்டுக்கட்டியவை. பெரிய அகராதியே ஏமாந்திருக்கிறது. 1934இல் வந்த வெப்ஸ்டர் அகராதியில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல், அடர்த்தி என்று அர்த்தம் போட்டு அச்சாகிவிட்டது. உண்மையில் பெரிய டி அல்லது சின்ன டி (ஆங்கிலத்தில் ‘D or d’), அடர்த்தியின் சுருக்கம் என்று யாரோ எழுதிய சீட்டை ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்துத்தான் ஒருவர் கண்டுபிடித்தார். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் இல்லாத ஆளுக்குப் பேர் விழுந்த கதை.

இப்போது நான் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலம்தான். சாவி, சுடுதண்ணீர், காலைச் சாப்பாடு, ரயில் நேரம், இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. கலண்டர் தாள் பழக்கம் மட்டும் விடவில்லை. அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார், கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. போன வாரம் ‘சித்யூரிசம்’ என்று ஒன்றை எடுத்துப் போனேன். ஆங்கில எழுத்தில் முன்னால் ஒரு ‘பி’ நிற்கும், வாயைத் திறக்காது. காற்று இலைகளில் எழுப்புகிற ஓசை என்று அர்த்தம். சலசலப்பு என்று நானே தமிழும் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை சுலபமாக முடிந்துவிடும் என்று.

“எந்த மரத்துல?” என்று கேட்டார் அம்மா.

மூங்கில் ஒரு மாதிரிக் கத்தும், யூகலிப்டஸ் மழை வருகிற மாதிரி இரையும், வாழை அடித்துக்கொள்ளும், தேயிலை எவ்வளவு காத்தடித்தாலும் வாயே திறக்காது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அகராதியில் மரத்தின் பெயர் போடவில்லை. அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.